முதுகுக்குப் பின்னால் வரும் கூட்டம்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரியில் வரும் பிரெசிடெண்ட்ஸ் டே நீண்ட வார இறுதியின் சனிக்கிழமையன்று, அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள பெரிய பனிச்சறுக்கு மலைகளுள் ஒன்றின் அடிவாரத்தில், கயிற்றில் தொங்கும் நாற்காலிகளில் ஆள்களை உச்சிக்கு ஏற்றும் ஒரே ஒரு லிஃப்டுக்காக 48 நிமிடங்கள் வரிசையில் நின்றேன். கிடங்குகளில் சரக்குப் பெட்டிகள் எந்த இடத்தில் எவ்வளவு நேரம் தேங்குகின்றன என்று கணக்கிடுவது என் தொழில் என்பதால், வரிசை எங்கே தெரிந்தாலும் கண் தானாகவே கடிகாரத்துக்குப் போய்விடும். அன்று காலை ஒன்பது மணிக்கு வாகன நிறுத்தத்தில் நுழைந்து, அங்கிருந்து சிறு பேருந்தில் ஏறி, காலணிகளை மாட்டிக்கொண்டு, முதல் முறையாக மலையுச்சியில் கால் வைத்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நாள் முடிவதற்குள் ஐந்து முறை சறுக்கினோம். ஒருவருக்கு 200 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய சீட்டின் விலையை ஐந்தால் வகுத்துப் பார்த்த என் கணவர், அதற்குப் பிறகு அன்று அதிகம் பேசவில்லை.

அந்த 48 நிமிடங்களைப் பற்றித்தான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அலுவலகத்தில் சொன்னேன், தொலைபேசியில் தங்கையிடம் சொன்னேன். "வரிசையில நிக்கறதுக்கு இங்கேயே ரேஷன் கடை இருக்கே அக்கா" என்றாள் அவள். அன்று நடந்த இன்னொன்றை யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் அதை நான் ஒரு நிகழ்ச்சியாகவே எண்ணவில்லை. பிற்பகல் இரண்டு மணியளவில், மேலிருந்து வரும் மூன்று பாதைகள் ஒன்றாகக் கூடி அடிவாரத்தை நோக்கி இறங்கும், மிக எளிதான வகையைச் சேர்ந்த ஒரு பச்சைப் பாதையில், அப்போது ஒன்பது வயதான என் மகள் தனக்குத் தெரிந்த விதத்தில் இடமும் வலமுமாக மெல்லத் திரும்பித் திரும்பி இறங்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வேகமாக வந்த ஓர் இளைஞனின் தோள் அவள்மீது உரசியது. அவள் விழுந்தாள், ஒரு காலின் சறுக்குப் பலகை கழன்று போயிற்று. அடி எதுவும் இல்லை. அவன் திரும்பிப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விட்டான். கீழே இருப்பவருக்கே முன்னுரிமை, மேலிருந்து வருபவர்தான் விலகிப் போக வேண்டும் என்பது எல்லா மலைகளிலும் அறிவிப்பாக எழுதிவைக்கப்பட்டிருக்கும் விதி. கூட்டம் மிகுந்த நாளில் அந்த விதியைக் கடைப்பிடிக்க விரும்புகிறவருக்கும் விலகிப் போக இடம் இருக்காது. பலகையை மாட்டிவிட்டேன், பனியைத் தட்டிவிட்டேன், மீண்டும் வரிசைக்குப் போனோம்.

அடுத்த நவம்பரில் அந்த ஆண்டுக்கான திட்டத்தைப் பேசத் தொடங்கியபோது அவள் வரவில்லை என்றாள். கூட்டம் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். எனக்கும் பிடிக்கவில்லைதான், இந்த முறை கூட்டம் குறைவான இடமாகப் பார்த்துக் கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். "கூட்டம்" என்ற அந்த ஒரே சொல்லை நாங்கள் இருவரும் இரண்டு வெவ்வேறு பொருள்களில் பயன்படுத்தினோம் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வரிசையைத் தேடிப் போனவள்

அமெரிக்காவின் வடகிழக்கில் வசிக்கும் எவருக்கும் பிப்ரவரியின் மூன்றாம் திங்கட்கிழமையைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. பிரெசிடெண்ட்ஸ் டே என்று அழைக்கப்படும் வாஷிங்டனின் பிறந்தநாள் விடுமுறை 1971 முதல் திங்கட்கிழமைக்கு நகர்த்தப்பட்டது. அந்த ஒரு மாற்றத்தால் குளிர்காலத்தின் நடுவில் ஒரு நீண்ட வார இறுதி பிறந்தது. மாசசூசெட்ஸின் பெரும்பாலான பள்ளிகளுக்கு அந்தத் திங்கட்கிழமையிலிருந்தே ஒரு வார விடுமுறையும் தொடங்குவதால், பாஸ்டனைச் சுற்றியுள்ள குடும்பங்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை மாலையே 93ஆம், 89ஆம், 91ஆம் நெடுஞ்சாலைகளில் வடக்கு நோக்கி ஊர்ந்துகொண்டிருக்கும். நியூ ஹாம்ப்ஷயரின் பள்ளி விடுமுறை பெரும்பாலும் அதற்கு அடுத்த வாரம் வரும். ஜனவரியில் வரும் மார்ட்டின் லூதர் கிங் தினத்தின் வார இறுதியும் நெரிசலானதுதான் என்றாலும், அதைத் தொடர்ந்து பள்ளி விடுமுறை இல்லாததால் திங்கட்கிழமை பிற்பகலே மலை காலியாகிவிடும். இவற்றையெல்லாம் கட்டம் போட்டு எழுதிவைத்துக்கொண்டு நான் கணக்குப் பார்த்தேன். மிக எளிய விடை அந்த வார இறுதியில் போகாமலிருப்பது என்று கணவர் சொன்னார். அவருடைய அலுவலகம் விடுமுறை கொடுக்கும் நாள்களில் அதுவும் ஒன்று என்பதால் அந்த விடையால் எங்களுக்குப் பயனில்லை.

கூட்டம் ஏன் இப்படி ஓரிடத்திலேயே குவிகிறது என்று கேட்டால் பல மலைகளுக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவைக்கும் பருவகாலப் பாஸ்களை எல்லோரும் காட்டுவார்கள். வேல் ரிசார்ட்ஸ் நிறுவனம் (முருகனுக்கும் அதற்கும் தொடர்பில்லை) 2008இல் எபிக் பாஸை 579 டாலருக்கு அறிமுகம் செய்தது. 2018இல் அதற்குப் போட்டியாக ஐக்கான் பாஸ் வந்தது. பனி விழுவதற்கு மாதங்களுக்கு முன்பே பருவம் முழுவதற்கும் பணம் கட்டிவிட்டவருக்கு அன்றன்றைய சீட்டின் விலை ஒரு தடையாக இருக்காது. பணம் கொடுத்தாயிற்று, எனவே போவோம் என்றுதான் தோன்றும். அந்தப் பெரிய பாஸ்களில் சேராத சிறு மலைகளுக்காக 2019இல் இண்டி பாஸ் தொடங்கப்பட்டது. அதில் உள்ள ஒவ்வொரு மலைக்கும் இரண்டு நாள் போகலாம். நான் தேடிய பட்டியல் அங்கிருந்துதான் தொடங்கியது. எனினும் பாஸ்கள் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனமில்லை. பிரெசிடெண்ட்ஸ் டே வார இறுதியில் மலையடிவாரத்தில் நெரிசல் இருந்த கதைகளை, எபிக் பாஸ் வருவதற்கு முன்பே இங்கு குடியேறியவர்களிடமும் கேட்டிருக்கிறேன்.

முதலில் தூரத்தைக் கொண்டு வடிகட்டிப் பார்த்தேன். பாஸ்டனிலிருந்து ஒவ்வொரு மணி நேரம் கூடுதலாக ஓட்டும்போதும் ஒரு பகுதிக் கூட்டம் உதிர்ந்துவிடும் என்பது இங்குள்ளவர்களின் அனுபவம். மெய்ன் மாநிலத்தில் ரேஞ்ச்லி ஏரிக்கு அருகில் உள்ள சாடில்பேக், 2015இல் மூடப்பட்டு 2020 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்ட மலை. நல்ல இடம், ஆனால் பனிச்சாலையில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் ஓட்ட வேண்டும். எல்லையைத் தாண்டிக் கியூபெக்குக்குப் போவது இன்னும் சாமர்த்தியமான வழி: அங்கே பிரெசிடெண்ட்ஸ் டேயும் கிடையாது, அதே திங்கட்கிழமையில் ஒன்டாரியோ கொண்டாடும் குடும்ப தினமும் கிடையாது. வெர்மான்ட் எல்லையை ஒட்டியே அவுல்ஸ் ஹெட், சட்டன் போன்ற மலைகள் இருக்கின்றன. மகளிடம் அமெரிக்கக் கடவுச்சீட்டு இருக்கிறது. எங்கள் இருவரிடமும் இந்தியக் கடவுச்சீட்டும், காலாவதியாகிவிட்ட கனடா விசாவும் இருந்தன. நம்மவர்கள் வீடுகளில் விடுமுறைத் திட்டங்கள் பல இந்த இடத்தில்தான் நின்றுபோகும்.

டென்வரில் இருக்கும் தோழியிடம் யோசனை கேட்டேன். நீங்களாவது அடிவாரத்தில் நின்றீர்கள், நாங்கள் 70ஆம் நெடுஞ்சாலையில் ஐசன்ஹவர் சுரங்கத்துக்கு முன்னால் காரில் உட்கார்ந்துகொண்டே பாதி நாளைக் கழிக்கிறோம் என்றாள். யூட்டாவின் ஆல்ட்டாவில் வார இறுதிகளில் வண்டியை நிறுத்துவதற்கே முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது என்பதையும் அவள்தான் சொன்னாள். அப்போது அது வெறும் புலம்பலாக என் காதில் விழுந்தது. காத்திருப்பு சாலையிலோ, வாகன நிறுத்தத்திலோ, லிஃப்டின் அடியிலோ எங்காவது ஓரிடத்தில் நிகழ்ந்தே தீரும், நாம் தேர்ந்தெடுப்பது அந்த இடத்தை மட்டும்தான் என்ற செய்தி அந்தப் புலம்பலுக்குள் இருந்ததைச் சில மாதங்கள் கழித்தே புரிந்துகொண்டேன்.

என் பட்டியலில் மேட் ரிவர் க்ளென் இருந்தது. அதை நான் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டேன். வெர்மான்ட்டின் ஃபேஸ்டனில் உள்ள அந்த மலையை, அங்கே சறுக்குகிறவர்களே கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து 1995இல் வாங்கி நடத்திவருகிறார்கள். உச்சிக்குப் போகும் அதன் முதன்மை லிஃப்ட் 1948இல் அமைக்கப்பட்டது. ஒரு நாற்காலியில் ஒருவர் மட்டுமே உட்காரலாம். அது பழுதடைந்து மாற்ற வேண்டிய நிலை வந்தபோது, இருவர் அமரும் நாற்காலியை அமைத்திருக்கலாம். உறுப்பினர்கள் அதை மறுத்து, பெரும் பொருட்செலவில் 2007இல் அதே ஒற்றை நாற்காலியைப் புதுப்பித்து மீண்டும் ஓடவிட்டார்கள். சரக்குகளைத் தேங்காமல் நகர்த்துவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு இது அறிவீனமாகத் தோன்றியது. அதே கம்பத்தில், அதே கயிற்றில், இருமடங்கு ஆள்களை ஏற்றும் வாய்ப்பை யாராவது வேண்டாம் என்பார்களா? பழமைமீது கொண்ட ஏக்கம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

கடைசியில் வெர்மான்ட்டின் தெற்குப் பகுதியில் ஒரு சிறிய மலையைப் பிடித்தேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரையின் கணக்கே கெட்டுவிடும். விடுமுறை நாள்களில் இத்தனை சீட்டுகளுக்கு மேல் விற்பதில்லை என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். டிசம்பரிலேயே மூன்று சீட்டுகளை வாங்கிவைத்தேன். வரிசை இருக்காது என்று மகளிடம் உறுதியாகச் சொன்னேன்.

பச்சைப் பாதையின் நடுவில்

வரிசை இருந்தது. சென்ற குளிர்காலத்தின் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, என்னைவிட வயதில் மூத்ததாகத் தெரிந்த இருவர் அமரும் நாற்காலி லிஃப்டின் முன்னால், நெளிந்து வளைந்த ஒரு வரிசை. கணவர் என் முகத்தைப் பார்த்தார். மூன்று மணி நேரம் ஓட்டிவந்து இதற்குத்தானா என்று அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆறு நொடிக்கு ஒரு நாற்காலி வந்தது, அதில் இருவர் ஏறினார்கள், அது மனிதர் நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதலான வேகத்தில் மேலே போனது. 23 நிமிடங்கள் நின்றோம். சென்ற முறை நின்றதில் பாதி என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன், ஆனால் உள்ளுக்குள் தோற்றுவிட்ட உணர்வுதான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து மேலே போவதற்கும் பதினோரு நிமிடம் ஆயிற்று. நடுவில் ஒருமுறை அடிவாரத்தில் யாரோ ஏறும்போது விழுந்ததால் லிஃப்ட் நின்றுபோய், காற்றில் ஆடிக்கொண்டே காத்திருந்தோம். பெரிய மலையில் இருந்த ஆறு பேர் அமரும் அதிவேக லிஃப்ட் எவ்வளவு நேர்த்தியானது என்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

உச்சியில் இறங்கியதும் மகள் உடனே கிளம்பவில்லை. பாதையின் ஓரத்தில் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தாள். லிஃப்டிலிருந்து இறங்கிய இருவர் எங்களைக் கடந்து போனார்கள்; இன்னும் இருவர்; பிறகு ஒரு தந்தையும் மகனும் வேறு பாதையில் திரும்பினார்கள். அவர்கள் எல்லோரும் போகட்டும் என்று அவள் காத்திருந்தாள். அச்சம் என்று அதை நான் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கையுறையைச் சரிசெய்கிறாள் என்று நினைத்தேன். பிறகு அவள் இறங்கத் தொடங்கினாள், நான் சற்றுப் பின்னால் போனேன். ஏறக்குறைய பாதி வழியில், சரிவு ஒரு தோள்போலத் திரும்பும் இடத்தில் அவள் நிலைதடுமாறி உட்கார்ந்துவிட்டாள்.

பனியில் பிள்ளை விழுந்தால் தாய் செய்வதை நானும் செய்தேன். அவளுக்கு மேற்புறமாகப் போய்ச் சரிவுக்குக் குறுக்கே நின்றுகொண்டு, வருகிறவர்களுக்குத் தெரியும்படி ஊன்றுகோலை உயர்த்திப் பிடித்தேன். பெரிய மலையில் அப்படி நின்றபோது, ஆற்றின் நடுவில் நட்டுவைத்த கம்பத்தைச் சுற்றி நீர் பிரிந்து ஓடுவதுபோல் இருபுறமும் ஆள்கள் சீறிக்கொண்டு போனார்கள். இப்போது யாரும் வரவில்லை. ஊன்றுகோலை உயர்த்தியபடி நின்றுகொண்டே இருந்தேன். மேலே வெறும் வெள்ளைச் சரிவு. இருபுறமும் ஊசியிலை மரங்கள். எங்கோ லிஃப்டின் சக்கரங்கள் கடகடக்கும் ஒலி. ஒரு நிமிடத்துக்குப் பிறகு ஒரு முதிய தம்பதியர் வந்தார்கள், தொலைவிலேயே எங்களைப் பார்த்து, பாதையின் மறுகோடியில் ஒதுங்கி இறங்கிப் போனார்கள். மகள் எழுந்திருக்கவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று திரும்பினேன். அவள் நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, பின்னாடி சத்தமே இல்ல" என்றாள்.

என்ன சத்தம் என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. அடுத்த முறை லிஃப்டில் மேலே போகும்போதுதான் அவள் சொன்னாள். பனி இறுகிக் கண்ணாடிபோல் ஆகிவிட்ட பாதையில் பலகையின் விளிம்பு உராயும்போது எழும் அந்தக் கரகர ஒலிதான் அது. சென்ற முறை இறங்கியபோதெல்லாம் அந்த ஒலி அவள் முதுகுக்குப் பின்னால் இருந்துகொண்டே இருந்தது. அருகில் வருகிறதா விலகிப் போகிறதா, வலப்புறமா இடப்புறமா என்று தெரியாது. திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவாள். அந்த இளைஞன் இடிப்பதற்கு முன்பும் அவளுக்கு அது கேட்டது. எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று முடிவெடுப்பதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. இதையெல்லாம் அவள் ஒரு புகாராகச் சொல்லவில்லை; கால்களை ஆட்டிக்கொண்டே, பள்ளியில் நடந்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். வரிசையில் நின்ற 48 நிமிடங்களைப் பற்றிக் கேட்டேன். அவளுக்கு அது நினைவிலேயே இல்லை. முன்னால் நின்ற சிறுமியோடு ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாளாம்.

கூட்டம் குறைவான இடம் வேண்டும் என்று அவள் கேட்டது சரிவைப் பற்றி. நான் வாரக்கணக்கில் உட்கார்ந்து தேடியது வரிசையைப் பற்றி.

நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களும் கணக்கில் உண்டு

அன்றிரவு விடுதியறையில் தூக்கம் வரவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய ஓர் எளிய விதி என் தொழிலில் அன்றாடம் பயன்படுவது: ஓரிடத்துக்குள் நிமிடத்துக்கு எத்தனை பேர் நுழைகிறார்கள், ஒவ்வொருவரும் சராசரியாக எத்தனை நிமிடம் உள்ளே இருக்கிறார்கள் என்ற இரண்டையும் பெருக்கினால், எந்த நேரத்திலும் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை கிடைத்துவிடும். பெட்டிகளுக்கு ஆயிரம் முறை போட்ட இந்தக் கணக்கை மனிதர்கள் ஏறி இறங்கும் மலைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. இத்தனைக்கும் நாற்காலி லிஃப்டே சரக்கிலிருந்து பிறந்ததுதான். யூனியன் பசிபிக் ரயில் நிறுவனத்தின் பொறியாளரான ஜிம் கர்ரன், கப்பலில் வாழைத்தார்களை ஏற்றுவதற்கு அமைத்த கொக்கிக் கயிற்றை நினைவில் வைத்துக்கொண்டு, தாருக்குப் பதிலாக நாற்காலியைத் தொங்கவிட்டு, 1936இல் ஐடஹோவின் சன் வேலியில் உலகின் முதல் நாற்காலி லிஃப்டை ஓடவிட்டார்.

ஆறு நொடிக்கு ஒரு நாற்காலி, ஒன்றில் இருவர் என்றால் நிமிடத்துக்கு 20 பேர், மணிக்கு 1,200 பேர். நடுத்தரத் திறமை உள்ளவர் கீழே இறங்கப் பத்து நிமிடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், அந்த லிஃப்டிலிருந்து வந்தவர்களில் எந்த நேரத்திலும் சரிவின்மேல் இருப்பவர்கள் 200 பேர்தான். அவர்கள் இருபது பாதைகளில் பிரிந்துபோனால் ஒரு பாதைக்குப் பத்துப் பேர். அதே உச்சிக்கு மணிக்கு 3,000 பேரை ஏற்றும் அதிவேக லிஃப்ட் ஒன்றை வைத்தால் அந்த 200 என்பது 500 ஆகிவிடும்; அப்படிப்பட்ட இரண்டு லிஃப்டுகள் வைத்தால் 1,000. இதில் என்னை எழுந்து உட்காரவைத்தது என்னவென்றால், லிஃப்ட் ஒருமுறை நிறைந்து ஓடத் தொடங்கிவிட்டால், அதன் அடியில் ஐந்து நிமிட வரிசை இருந்தாலும் ஐம்பது நிமிட வரிசை இருந்தாலும் சரிவின்மேல் இருப்பவர்களின் எண்ணிக்கை மாறாது. வரிசை எவ்வளவு நீண்டாலும் அது மேலே இருப்பவரைத் தொடாது. வரிசையைப் பார்த்து மலையின் நெரிசலை மதிப்பிடுவது, மடை எவ்வளவு அகலம் என்று பார்க்காமல் ஏரியில் தேங்கிய நீரை மட்டும் பார்த்து வாய்க்காலில் வெள்ளம் வருமா என்று சொல்வதைப் போன்றது.

மெதுவான நாற்காலிக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுள்ள லிஃப்ட் பழைய முறையில் நொடிக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் வேகத்தில் போனால் பதினோரு நிமிடம் ஆகும். கயிற்றிலிருந்து கழன்று நின்று ஆளை ஏற்றிக்கொண்டு மீண்டும் கயிற்றைப் பிடித்துக்கொள்ளும் புதிய வகை, நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ஐந்தே நிமிடத்தில் கொண்டுபோய்விடும். நால்வர் அமரும் நாற்காலி இரண்டு வகையிலும் மணிக்கு 2,400 பேரை ஏற்றுவதாகவே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் வேகம் கூடும்போது நாற்காலிகளுக்கு இடையிலான தூரத்தையும் கூட்டிவிடுவார்கள். பழையதில் எந்த நேரத்திலும் 440 பேர் கால்களைத் தொங்கவிட்டுக் காற்றில் உட்கார்ந்திருப்பார்கள். புதியதில் 200 பேர். மீதி 240 பேர் எங்கே போவார்கள்? அவர்கள் மலையை விட்டுப் போகவில்லை. விரைவாக மேலே போய், விரைவாகக் கீழே வந்து, மறுபடியும் வரிசையில் நிற்கிறார்கள். அதிவேக லிஃப்ட் காத்திருப்பை ஒழிக்கவில்லை, உட்கார்ந்து காத்திருந்ததை நின்று காத்திருப்பதாக மாற்றியிருக்கிறது. எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிறது, உட்காருவதையே விரும்புகிறேன்.

மேட் ரிவர் க்ளென்னின் கூட்டுறவுக்காரர்கள் ஒற்றை நாற்காலியை ஏன் விடவில்லை என்பது அப்போது உறைத்தது. நாற்காலியை இரட்டையாக்கினால் வரிசை பாதியாகும், சரிவின்மேல் ஆள்கள் இருமடங்காவார்கள். அவர்கள் வரிசையை ஏற்றுக்கொண்டு சரிவைக் காப்பாற்றினார்கள். புதுப் பனி விழுந்த விடுமுறை நாளில் அந்த ஒற்றை நாற்காலிக்கு நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கும் என்பதை அங்கே போகிறவர்கள் யாரும் மறைப்பதில்லை. நான் பட்டியலிலிருந்து அடித்ததும் அந்தக் காரணத்துக்காகத்தான். அறிவீனம் என்று நினைத்ததைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஒருவரைப் பின்தொடர்ந்து இன்னொருவர் ஆறேழு நொடி கழித்தே வர முடியும் என்றால், முதுகுக்குப் பின்னால் எவ்வளவு அமைதி இருக்கும் என்று இப்போது கற்பனை செய்து பார்க்க முடிகிறது.

இதையெல்லாம் சொல்வதால் சிறிய மலைதான் எப்போதும் சரி என்று நான் வாதிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அதன் மறுபக்கத்தையும் பார்த்தோம். வெர்மான்ட்டின் பிப்ரவரியில் ஒரு நாள் மழை பெய்து மறுநாள் உறைந்துபோவது வழக்கமானது. அப்போது பெரிய மலைகள் இரவோடிரவாகச் செயற்கைப் பனியைக் கொட்டிப் பெரும்பாலான பாதைகளைத் திறந்துவைத்துவிடும். அந்த வசதி குறைவான சிறிய மலையில், வெயில் பட்ட பக்கத்தில் மண் தெரியத் தொடங்கியதும் ஒவ்வொரு பாதையாகக் கயிறு கட்டி மூடினார்கள். இருபது பாதைகளில் பிரிந்திருந்தவர்கள் எட்டுப் பாதைகளுக்குள் வந்ததும் சரிவில் நெரிசல் தெரிந்தது. எந்த மலைக்குப் போவதென்றாலும், வரைபடத்தில் எத்தனை பாதைகள் வரைந்திருக்கிறார்கள் என்பதைவிட அன்று காலை எத்தனை திறந்திருக்கின்றன என்பதைத்தான் இப்போது முதலில் பார்க்கிறேன். அடுத்தபடியாக, பிள்ளைகள் போகும் பச்சைப் பாதை எங்கே முடிகிறது என்று விரலை வைத்துப் பார்க்கிறேன். கடினமான கருப்பு வைரப் பாதையும் நடுத்தரமான நீலச் சதுரப் பாதையும் அதனோடு வந்து கலக்கும் முக்கூடல் ஒன்று அடிவாரத்துக்கு அருகில் இருந்தால், அந்த மலையில் எத்தனை லிஃப்ட் இருந்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்கு என் மகளை அங்கே இறக்கமாட்டேன். சீட்டு விற்பனைக்கு உச்சவரம்பு உண்டா என்பது மூன்றாவதாக. வரிசையின் நீளத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன், கணவருக்காக.

அவர் இன்னமும் உடன்படவில்லை என்பதையும் எழுதிவைக்க வேண்டும். அவர் நன்றாகச் சறுக்குவார். அவரைப் பின்னால் வந்து யாரும் இடித்ததில்லை. ஒரு நாளில் எத்தனை முறை இறங்கினோம் என்பதே அவருக்குக் கணக்கு. சனிக்கிழமை நாங்கள் சிறிய மலையில் ஏழு முறை இறங்கினோம். ஐந்துக்கு ஏழு பரவாயில்லை என்றாலும், மூன்று மணி நேரப் பயணத்துக்கு அது போதாது என்பது அவர் கட்சி. அவருடைய கணக்கில் பிழையொன்றும் இல்லை.

திங்கட்கிழமை பிற்பகல் கடைசி முறையாக லிஃப்டில் ஏறினோம். முன் நாற்காலியில் அவர் தனியாக, பின்னால் நானும் மகளும். ஏறக்குறைய உச்சியை நெருங்கும்போது லிஃப்ட் வழக்கம்போல் நின்றது. காற்று இல்லை. கீழே பச்சைப் பாதையின் பெரும்பகுதி, சரிவு தோள்போலத் திரும்பும் அந்த இடம் உட்பட, ஒரே பார்வையில் தெரிந்தது. மகள் குனிந்து பார்த்து விரல்விட்டு எண்ணினாள். மரங்களுக்கிடையே ஒருவர் வெளிப்பட்டதும் முதலிலிருந்து மறுபடி எண்ணினாள்.

"நாலு பேர்தான்" என்றாள்.

முன்னால் இருந்தவர் திரும்பி, ஏன் இன்னும் நகரவில்லை என்று கேட்டார்.